பொறு என்னும் சொல்: 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் எதிர்பார்ப்பும் இடரும்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய ஆசிரியர், பணி ஓய்வின்போது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டார். அசலைத் தொடக்கூடாது, ஆண்டுதோறும் வரும் வட்டியில் ஒரு சொற்பொழிவு நடக்கவேண்டும் என்று எழுதிவைத்தார். இன்று அவர் நம்மிடையே இல்லை. யாரோ ஒருவர் வந்து பேசுவார், யாரோ சிலர் வந்து கேட்பார்கள் என்று நம்பி, முகம் தெரியாத நம்மிடம் தம் உழைப்பின் பலனை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு முன் தலைவணங்கி என் உரையைத் தொடங்குகிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்'. நான் பொருளியல் ஆசிரியன். இலக்கியத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். ஆனாலும் இடர் பற்றிய பாடத்தை, அதாவது நாம் அன்றாடம் ரிஸ்க் என்று சொல்கிறோமே அந்தப் பாடத்தை, ஒவ்வோர் ஆண்டும் இந்த நாடகத்தின் முதல் காட்சியிலிருந்துதான் தொடங்குவேன். ஏன் என்பதற்கு ஒரு குடும்பக் காரணமும் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

கடலைக் காட்டாத கடல் நாடகம்

இந்த நாடகம் 1596, 1597 வாக்கில் எழுதப்பட்டது. 1598 ஜூலையில் லண்டன் பதிப்பாளர் சங்கத்தின் பதிவேட்டில் ஏறி, 1600இல் அச்சுக்கு வந்தது. முதல் காட்சியில் 'ஆண்ட்ரூ' என்று ஒரு கப்பல் பேச்சோடு பேச்சாக வருகிறது. 1596இல் காடிஸ் துறைமுகத்தில் ஆங்கிலேயர் கைப்பற்றிய ஸ்பானியப் பெருங்கப்பலை அது குறிக்கிறது என்பது அறிஞர்கள் கருத்து. அன்றைய லண்டன்காரருக்கு அது நேற்றுக் காதில் விழுந்த செய்தி. வெனிஸ் கதை என்றாலும் கேட்டவர்களுக்கு அது தங்கள் ஊர்த் துறைமுகத்துக் கவலைதான்.

அன்டோனியோ என்ற வணிகன் காரணம் தெரியாத மனச்சோர்வோடு மேடைக்கு வருகிறான். உன் கப்பல்களை எண்ணித்தான் கவலைப்படுகிறாய் என்கிறார்கள் நண்பர்கள். அவர்களில் ஒருவன், அந்தக் கப்பல்கள் என்னுடையவையாக இருந்தால் என் நாள் எப்படிக் கழியும் என்று விவரிக்கிறான். சூடான கஞ்சியை ஊதும்போது, இதே காற்று கடலில் பெருங்காற்றாக அடித்தால் என்ன ஆகும் என்று நடுக்கம் வரும். மணற்கடிகையில் மணல் இறங்குவதைப் பார்த்தால், மணல்திட்டில் தரைதட்டிச் சாய்ந்த கப்பல் கண்முன் வரும். கோயிலுக்குப் போனால் அதன் கற்சுவர் பாறையாகத் தெரியும். அந்தப் பாறை கப்பலின் விலாவைத் தொட்டால் போதும், வாசனைச் சரக்கெல்லாம் தண்ணீரில் கொட்டும், பட்டெல்லாம் அலைக்குப் போர்வையாகும்.

கிண்ணம், மணற்கடிகை, கோயில் சுவர் ஆகிய மூன்றும் வீட்டிலும் தெருவிலும் கிடக்கிற பொருள்கள். கடலில் இருக்கும் ஆபத்து இவற்றின் வழியாக மனத்துக்குள் வந்து குடியேறிவிடுகிறது. இடர் எங்கோ தொலைவில் நிகழ்கிறது. அதைப் பற்றிய எதிர்பார்ப்போ நம் சாப்பாட்டுத் தட்டின் அருகில் உட்கார்ந்திருக்கிறது. இந்த வேறுபாட்டை விளக்க நானறிந்த எந்தப் பாடநூலிலும் இதைவிடத் தெளிவான பகுதி இல்லை. நாடகம் முடியும்வரை மேடையில் ஒரு கப்பல்கூட வருவதில்லை. கப்பலைப் பற்றிய பேச்சும் வதந்தியும் கடிதமும் மட்டுமே வருகின்றன.

பல கப்பல், ஒரே நாள்

நண்பர்களின் கவலைக்கு அன்டோனியோ அமைதியாக விடை சொல்கிறான். தன் சரக்கு முழுவதும் ஒரே கப்பலில் இல்லை, ஒரே ஊருக்கும் போகவில்லை, தன் சொத்து முழுவதும் இந்த ஓராண்டின் வரவை நம்பியும் இல்லை என்கிறான். முதலீட்டைப் பிரித்துப் போடு என்று இன்று பரஸ்பர நிதி முகவர்கள் சொல்லும் அறிவுரைதான் இது. திரிபோலி, இண்டீஸ், மெக்சிகோ, இங்கிலாந்து என்று அவன் கப்பல்கள் நாலு திசையிலும் போயிருக்கின்றன.

அந்தக் காட்சி முடிவதற்குள் இன்னொரு வாக்கியமும் அவன் வாயிலிருந்து வருகிறது. நண்பன் பசானியோ கடன் கேட்கும்போது, என் செல்வமெல்லாம் கடலில் இருக்கிறது, கையில் பணமும் இல்லை, விற்றுப் பணமாக்கச் சரக்கும் இல்லை என்கிறான். மாணவர்களிடம் இந்த இரண்டு வாக்கியங்களையும் அருகருகே எழுதச் சொல்வேன். முதல் வாக்கியத்தில் இருப்பவன் கவனமுள்ள வணிகன். இரண்டாவதில் இருப்பவன் நாளை காலை ஒருவன் வந்து கதவைத் தட்டினால் கொடுக்கக் காசில்லாதவன். இரண்டு பேரும் ஒரே ஆள்.

சொத்து வேறு, கைப்பணம் வேறு. கடைத்தெருவில் இருப்பவர்களுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. குடோனில் மூட்டை அடுக்கியிருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை தவணைக்குப் பணம் இருக்காது. அன்டோனியோ இடத்தைப் பிரித்தான், கப்பலைப் பிரித்தான், ஆண்டையும் பிரித்தான். ஆனால் அவன் கையெழுத்திட்ட கடன்முறியில் இருந்தது ஒரே ஒரு தேதி. அத்தனை கப்பல்களும் அந்த ஒரே நாளுக்குள் வந்தாக வேண்டும் என்று ஆனபிறகு, பிரித்து வைத்ததெல்லாம் மறுபடி ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டது.

பூஜ்யத்தால் பெருக்கியவன்

கடன்தொகை 3,000 டுக்கட் நாணயம். கெடு மூன்று மாதம். கொடுப்பவன் ஷைலக், வட்டித் தொழில் செய்யும் யூதன். அவன் அந்தத் தொகையையும் காலத்தையும் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறான். பிறகு அன்டோனியோவின் கப்பல்களை எண்ணுகிறான். கப்பல் என்பது வெறும் பலகை, மாலுமி வெறும் மனிதன், தரையில் எலி இருப்பதுபோல் தண்ணீரிலும் எலி உண்டு, அதாவது கடற்கொள்ளையர் உண்டு, அதற்குமேல் நீர், காற்று, பாறை என்று அடுக்குகிறான். ஒரு காப்பீட்டு அலுவலர் படிவத்தை நிரப்புவதுபோல இருக்கிறது. இவ்வளவையும் எண்ணிவிட்டு, ஆள் தாங்குவான் என்று முடிவுக்கு வருகிறான்.

பிறகுதான் அந்த நிபந்தனை வருகிறது. வட்டி வேண்டாம், கெடு தவறினால் உன் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதை. பசானியோ பதறுகிறான். அன்டோனியோ சிரித்த முகத்தோடு ஒப்புக்கொள்கிறான். இரண்டே மாதத்தில், கெடுவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே, கடனைப்போல் ஒன்பது மடங்கு வந்துவிடும் என்கிறான். அதாவது 27,000 டுக்கட்.

இந்த இடத்தில் அவன் மனக்கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எந்த இடரையும் இரண்டு எண்களின் பெருக்கமாகச் சொல்வது பொருளியல் வழக்கம். ஒன்று அது நடப்பதற்கான வாய்ப்பு. மற்றொன்று நடந்தால் வரும் இழப்பு. கெடு தவறும் வாய்ப்பு பூஜ்யம் என்று அன்டோனியோ முடிவுகட்டிவிட்டான். பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? ஆகவே அடுத்த எண் என்ன என்று அவன் பார்க்கவே இல்லை. அங்கே எழுதியிருப்பது பத்து டுக்கட்டா, உயிரா என்பது அவனுக்கு ஒன்றாகிவிட்டது. நடக்காது என்று நாம் உறுதியாக நம்பும் விஷயங்களில்தான் நடந்தால் என்ன ஆகும் என்று கேட்க மறந்துபோகிறோம். பிணைக் கையெழுத்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான் விழுகின்றன.

அந்தக் காலத்தில் வாய்ப்பை எண்ணாகச் சொல்லும் கணிதமே பிறக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். பாதியில் நின்ற ஓர் ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டது 1654இல்; இந்த நாடகத்துக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து. நாடகத்தில் திரும்பத் திரும்ப வரும், இடரைக் குறிக்கும் 'ஹாசர்ட்' என்ற சொல் அன்று ஒரு பகடை ஆட்டத்தின் பெயராகவும் இருந்தது. எண்ணிப் பார்க்கும் வழி இல்லாத உலகில் மனிதர்கள் உருட்டித்தான் பார்த்தார்கள்.

யார் தலையில்?

இடர் மறைந்து போவதில்லை. ஒருவர் தோளிலிருந்து இறங்கினால் இன்னொருவர் தோளில் ஏறுகிறது. ஆகவே ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது கடைசியில் யார் தலையில் விடியும் என்பதுதான்.

கடல் வணிகர்கள் இந்தக் கேள்விக்குப் பழங்காலத்திலிருந்தே விடை தேடினார்கள். கடல்கடன் என்று ஒரு முறை கிரேக்க, ரோமானியர் காலத்திலேயே இருந்தது. கப்பல் பத்திரமாகத் திரும்பினால் அசலும் உயர்ந்த வட்டியும் தரவேண்டும். மூழ்கினால் ஒன்றும் தரவேண்டியதில்லை. கடலின் ஆபத்தைக் கடன் கொடுத்தவர் ஏற்றார். பிறகு காப்பீடு வந்தது. 1347இல் ஜெனோவாவில் எழுதப்பட்ட ஒரு பத்திரம், இன்று கிடைக்கும் மிகப் பழைய கடல் காப்பீட்டு ஒப்பந்தங்களில் ஒன்று. நாடகம் அச்சான மறுவருடம், 1601இல், இங்கிலாந்து நாடாளுமன்றம் காப்பீடு பற்றி ஒரு சட்டம் இயற்றியது. காப்பீடு இருந்தால் ஒரு கப்பல் அழிந்தாலும் எவரும் அழிவதில்லை, இழப்பு சிலர்மேல் பாரமாக விழாமல் பலர்மேல் இலேசாக விழுகிறது என்ற கருத்தை அதன் முன்னுரை கூறுகிறது. பகிர்ந்தால் பாரம் குறையும் என்ற அறத்தை ஒரு வணிகச் சட்டம் இவ்வளவு தெளிவாகப் பேசியது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இந்தப் பின்னணியில் ஷைலக்கின் கடன்முறியைப் பாருங்கள். கடலின் ஆபத்துகளை அவன் ஒன்றுவிடாமல் எண்ணினான். எண்ணி முடித்து, அத்தனையையும் கடன் வாங்கியவன் தலையிலேயே வைத்துவிட்டான். அன்டோனியோவோ காப்பீடு என்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பலர் சுமக்க வேண்டியதை ஒருவன் சுமந்தான்; அதுவும் பணத்தால் சுமக்காமல் மார்புச் சதையால் சுமந்தான்.

அன்டோனியோ ஷைலக்கை வெறுப்பதற்குச் சொல்லும் காரணமும் இடரைப் பற்றியதுதான். விவிலியத்தில் யாக்கோபு லாபானின் ஆடுகளை மேய்த்துப் பெருக்கிய கதையைச் சொல்லித் தன் வட்டித் தொழிலுக்கு நியாயம் தேடுகிறான் ஷைலக். யாக்கோபு செய்தது துணிவு முயற்சி, பலன் கடவுள் கையில் இருந்தது என்று அன்டோனியோ மறுக்கிறான். துணிந்து இறங்குபவன் பெறும் லாபம் நேர்மையானது, துணியாமல் பெறும் வட்டி இழிவானது என்பது அந்நாளைய கிறித்தவ உலகின் கொள்கை. நடைமுறை வேறாக இருந்தது. இங்கிலாந்தில் 1571ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பத்து விழுக்காடு வரை வட்டி வாங்குவது கண்டும் காணாமல் விடப்பட்டது. ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான், 1570இல் அதிக வட்டி வாங்கியதாக இருமுறை வழக்கில் இழுக்கப்பட்டவர்.

துணியாமல் வாழ்பவன் என்று அன்டோனியோ யாரைச் சொன்னானோ, அவன் வாழ்க்கை முழுவதுமே இடர்தான் என்பதை அன்டோனியோ பார்க்கவில்லை. வெனிஸ் அரசு 1516இல் யூதர்களை 'கெட்டோ' என்ற தனிப் பகுதிக்குள் ஒதுக்கியது. இரவில் வாயில்கள் பூட்டப்பட்டன. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால்தான் அவர்கள் அங்கே தங்கலாம். நாடகம் கெட்டோவைக் குறிப்பிடவில்லை. ஆனால் தன்மேல் எச்சில் துப்பியவனே கடன் கேட்டு வந்து நிற்கிறான் என்று ஷைலக் பேசும்போது அந்த வாழ்க்கை முழுவதும் தெரிகிறது. ஊரில் தங்கும் உரிமையையே கெடுவைத்துத் தந்த சமூகத்திடம்தான் அவன் கெடு கேட்டான். அவன் கேட்ட சதையை நான் நியாயப்படுத்தவில்லை. அவன் பொறுமை எங்கே, யாரால் தீர்ந்துபோனது என்பதை மறைக்கவும் எனக்கு மனமில்லை.

மூன்று பேழைகள்

கடன் எதற்கு? பெல்மான்ட் ஊரில் போர்ஷியா என்ற செல்வச் சீமாட்டியை மணக்க பசானியோ போகவேண்டும். அவன் ஏற்கெனவே அன்டோனியோவிடம் பட்ட கடன் நிற்கிறது. சிறுவயதில் ஓர் அம்பு தொலைந்தால், அதே திசையில் இன்னொன்றை எய்து அது விழும் இடத்தைப் பார்த்து இரண்டையும் எடுத்துவருவேன் என்று கதை சொல்கிறான். விட்ட இடத்தில்தான் பிடிக்கவேண்டும் என்று சீட்டாடுகிறவர்கள் சொல்வார்களே, அதே நியாயம். இரண்டு அம்பும் அன்டோனியோவுடையவை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பெல்மான்ட்டில் இன்னொரு விதமான இடர் காத்திருக்கிறது. போர்ஷியாவின் தந்தை இறக்கும்முன் பொன், வெள்ளி, ஈயம் என்று மூன்று பேழைகள் செய்துவைத்தார். எதில் அவள் படம் இருக்கிறதோ அதைத் தேர்பவனுக்கே அவள். தோற்பவன் எந்தப் பேழையைத் திறந்தான் என்று யாரிடமும் சொல்லக்கூடாது, வாழ்நாளில் வேறு பெண்ணை மணம் பேசக்கூடாது, உடனே புறப்பட்டுவிட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இது குலுக்கல். உண்மையில் இது சல்லடை. நாடகத் தொடக்கத்தில் வந்திருந்த மாப்பிள்ளைகள் பலர் இந்த நிபந்தனைகளுக்கு அஞ்சி ஊர் திரும்ப முடிவு செய்ததாகத் தோழி நெரிஸ்ஸா சொல்கிறாள். ஆசை மட்டும் உள்ளவனை நிபந்தனையே வடிகட்டிவிடுகிறது.

பொன்னின்மேல், பலர் விரும்புவது கிடைக்கும் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. மொராக்கோ இளவரசன் அதைத் திறந்து மண்டையோட்டைக் காண்கிறான். வெள்ளியின்மேல் தகுதிக்கேற்றது கிடைக்கும் என்று இருக்கிறது. அரகான் இளவரசன் தன் தகுதியை நம்பித் திறந்து, உள்ளே ஒரு மூடனின் படத்தைக் காண்கிறான். ஊரார் ஆசையை நம்பியவன் ஒருவன். தன்னைப் பற்றிய சொந்த மதிப்பீட்டை நம்பியவன் மற்றவன். சந்தையில் பணம் தொலைப்பவர்களும் பெரும்பாலும் இந்த இரண்டு வகைக்குள்தான் வருகிறார்கள். ஈயம் எதையும் தருவதாகச் சொல்லவில்லை. தேர்பவன் உள்ளதையெல்லாம் கொடுத்துப் பணயம் வைக்கவேண்டும் என்று கேட்கிறது. பசானியோ அதைத் தேர்ந்து வெல்கிறான்.

அவன் பணயம் வைத்தது என்ன? தன் திருமண வாழ்வை வைத்தான், அது உண்மை. பொருளாக வைப்பதற்கு அவனிடம் ஒன்றுமே இல்லை. உள்ளதையெல்லாம் கொடுத்துப் பணயம் வைத்தவன், அந்தப் பேழைகளின் பக்கமே வராமல் வெனிஸில் உட்கார்ந்திருந்தான். ஈயப் பேழையின் வாசகம் பொருந்துவது அன்டோனியோவுக்கு. இன்னொருத்திக்கும் பொருந்தும்: பேழைக்கு உள்ளே படமாக வைக்கப்பட்டவளுக்கு. தேர்பவருக்கு வேண்டாம் என்று திரும்பிப்போகும் உரிமையாவது இருந்தது. போர்ஷியாவுக்கு அதுவும் இல்லை.

பசானியோ பேழையை நெருங்கும்போது, அவசரப்படாதே, கொஞ்சம் தாமதி என்று அவள் கெஞ்சுகிறாள். ஒன்றிரண்டு மாதம் அவனை அங்கேயே நிறுத்தி வைத்துக்கொள்ளவும் விரும்புகிறாள். வெனிஸில் ஒரு தேதி நெருங்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. ஆங்கில மூலத்தில் அவள் சொல்லும் சொல் 'டாரி'. பொறு என்று பொருள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தியும் உண்மையும்

வெனிஸின் ரியால்டோ கடைத்தெருவில் செய்திகள் வரத் தொடங்குகின்றன. குட்வின் மணல்திட்டில் ஒரு கப்பல் உடைந்ததாம். திரிபோலியிலிருந்து வந்த இன்னொன்று போய்விட்டதாக ஜெனோவாவில் பேச்சு. இந்த இரண்டாவது செய்தியைச் சொல்பவன் ஷைலக்கின் நண்பன் டியூபல், கேட்பவன் ஷைலக். அதே மூச்சில் வீட்டைவிட்டு ஓடிய மகள் ஜெஸிக்கா ஒரே இரவில் 80 டுக்கட் செலவழித்த செய்தியும், மனைவி லேயா தந்த மோதிரத்தை அவள் ஒரு குரங்குக்கு விற்ற செய்தியும் வருகின்றன. ஒரு செய்தி அவனைக் கொதிக்கவைக்கிறது, அடுத்தது மகிழவைக்கிறது. சில நிமிடங்களில் ஓர் ஆளின் விலைமதிப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று பங்குச்சந்தைத் திரையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறோம்.

பிறகு கடிதம் வருகிறது. திரிபோலி, மெக்சிகோ, இங்கிலாந்து, லிஸ்பன், பார்பரி, இந்தியா என்று எங்கும் போன கப்பல்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை என்பது செய்தி. வெனிஸ் முழுவதும் நம்புகிறது. அன்டோனியோவும் நம்பி, கத்திக்கு மார்பைக் காட்டத் தயாராகிறான்.

நாடகத்தின் கடைசிப் பக்கத்தில் போர்ஷியா அவன் கையில் இன்னொரு கடிதம் தருகிறாள். அவனுடைய மூன்று கப்பல்கள் நிறைந்த சரக்கோடு துறைமுகம் வந்துவிட்டன. அந்தக் கடிதம் தனக்கு எப்படிக் கிடைத்தது என்று அவள் சொல்வதில்லை. விமர்சகர்கள் பலர் இதை ஆசிரியரின் அவசர முடிச்சு என்று கருதி ஒதுக்கிவிடுவார்கள். எனக்கோ நாடகத்தின் மையமே இங்குதான் இருக்கிறது. நீதிமன்றத்தில் நின்ற அன்டோனியோ ஓட்டாண்டி அல்லன். பணம் வந்துகொண்டிருந்தது. கெடு முந்திக்கொண்டது, கப்பல் பிந்திவிட்டது. கடல் அவனைக் கொல்லவில்லை. நாள்காட்டிதான் கொல்லப் பார்த்தது.

குடும்பக் காரணம் என்று தொடக்கத்தில் சொன்னேன். என் தந்தை சிறு நகரம் ஒன்றில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவருடைய நண்பர் ஒருவர் மஞ்சள் பயிரிட்டிருந்தார். அறுவடைச் செலவுக்கு நண்பருக்குப் பணம் தேவைப்பட்டது. அப்பா, அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை அடகுவைத்து வாங்கிக்கொடுத்தார். மஞ்சள் வெந்து காய்ந்து சந்தைக்குப் போனதும் மீட்டுவிடலாம் என்பது பேச்சு. அந்த ஆண்டு மழை விடாமல் பெய்து, களத்தில் மஞ்சள் காய நாளாயிற்று. கெடு முடிந்து ஏலம் போய்விட்டது. அதற்குப் பத்தொன்பதாம் நாள் அந்த நண்பர் வந்தார். மஞ்சள் தூசு படிந்த துணிப்பையில் முழுத்தொகையும் இருந்தது. திண்ணையில் வைத்துவிட்டு, பையைவிட்டுக் கையை எடுக்காமல், "அண்ணே, கொண்டாந்துட்டேன்" என்றார். அப்பா வெகுநேரம் பேசவில்லை. அம்மாதான் உள்ளிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகும் அந்த நட்பு நீடித்தது. அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கடைசிவரை இருந்தது.

அப்பா ஏமாறவில்லை. நண்பர் ஏமாற்றவில்லை. எதிர்பார்ப்பும் பொய்க்கவில்லை, பணம் வந்தே விட்டது. பத்தொன்பது நாள்தான் இடைவெளி. கல்லூரியில் சேர்ந்து 'வெனிஸ் வணிகன்' படித்தபோது, கடைசிக் காட்சியில் மூன்று கப்பல்கள் வந்துசேர்ந்ததும் எனக்கு அந்தத் துணிப்பைதான் நினைவுக்கு வந்தது.

நீதிமன்றம்

அன்டோனியோவை ஏன் வெனிஸின் ஆட்சித்தலைவரே காப்பாற்றக்கூடாது? அன்டோனியோ தானே விடை சொல்கிறான். வெனிஸின் வணிகம் பல நாட்டாரால் நடக்கிறது. ஒரு வெளியூரானின் கடன்முறியை அரசு செல்லாது என்று ஒதுக்கினால் நாளை யாரும் இந்த ஊரை நம்பமாட்டார்கள். சட்டம் நிற்கும் என்ற எதிர்பார்ப்புதான் அந்த நகரத்தின் மூலதனம். இது நியாயமான வாதம். ஒப்பந்தம் நிலைக்கும் என்ற உறுதி இல்லாத ஊரில் ஏழை வணிகனுக்கு எவரும் கடன் தரமாட்டார்கள்.

இந்த நாடகத்தை 'வாணீபுர வணிகன்' என்ற பெயரில் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய அவர் தொழிலால் வழக்கறிஞர். பிற்காலத்தில் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தார். புரோநோட்டும் கடன் வழக்கும் அவர் அன்றாடம் கண்டவை. அவர் பழகிய சட்டத்தில் ஷைலக்கின் கடன்முறிக்கு இடமே இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிறர் உடலுக்குக் கேடு விளைவிக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. அதன் 74ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் எவ்வளவு பெரிய தண்டத்தை எழுதியிருந்தாலும், அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் வாங்கித்தரும். எழுதியவர்களின் அளவற்ற நம்பிக்கையிலிருந்து அவர்களையே காப்பாற்றும் பிரிவு அது.

வெனிஸில் அப்படியொரு பிரிவு இல்லை. ஆண் வழக்கறிஞராக வேடமிட்டு வந்த போர்ஷியா முதலில் இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறாள். ஷைலக் இளகவில்லை. மும்மடங்கு பணம் தருவதாகச் சொல்லியும் மறுக்கிறான். கத்தியை எடுத்துவிட்டான். அந்தக் கணத்தில் அவள் அவனை நிறுத்துகிறாள். சதைக்குத்தான் பத்திரம், ஒரு துளி இரத்தத்துக்கு இல்லை. ஒரு பவுண்டுக்கு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் உயிர் போகும். எல்லா இடரையும் எண்ணிய ஷைலக் எண்ணாமல் விட்டது சட்டத்தின் இடரை. அந்நியன் ஒருவன் குடிமகன் உயிருக்கு ஊறு நினைத்தால் என்ன தண்டனை என்று இன்னொரு சட்டம் காத்திருந்தது. அவன் சொத்தில் பாதியை இழக்கிறான். மதம் மாறவேண்டும் என்ற நிபந்தனையையும் விழுங்குகிறான். இரக்கத்தைப் பற்றி அவ்வளவு பேசிய சபை அவனுக்கு ஒரு நாள் அவகாசம்கூடத் தரவில்லை. நாடகத்தில் என்னை உறுத்தும் இடம் இது. மன்னிப்பைக் கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கத் தெரியவில்லை.

கத்தியை நிறுத்தப் போர்ஷியா பயன்படுத்தும் சொல் எது? பெல்மான்ட்டில் காதலனிடம் கெஞ்சிச் சொன்ன அதே சொல். 'டாரி'. சற்றுப் பொறு. அங்கே காதலின் குரலில் வந்தது, இங்கே சட்டத்தின் குரலில் வருகிறது.

பொறு

நம் தமிழில் 'பொறு' என்ற வினை மூன்று பொருளில் வழங்குகிறது. கொஞ்சம் பொறு என்றால் காத்திரு. பாரம் பொறுக்கும் என்றால் தாங்கும். பிழை பொறு என்றால் மன்னித்துக்கொள். பொறுப்பு என்ற சொல்லும் இந்த வேரில் முளைத்ததுதான். இந்த மூன்று பொருளும் கூடும் இடத்தில்தான் இடரை மனிதர்கள் கடந்து வருகிறார்கள் என்பதே இவ்வளவு நேரம் நான் சொல்லவந்தது.

அன்டோனியோ தாங்கினான்; ஆனால் தனியே தாங்கினான். 1601ஆம் ஆண்டின் சட்டம் சொன்னபடி பலர் சேர்ந்து தாங்கியிருந்தால் அவன் நீதிமன்றத்துக்கே வந்திருக்கமாட்டான். அவன் காத்திருந்தான், அவனுக்காகக் காத்திருக்கத்தான் யாருமில்லை. ஷைலக்கும் ஆண்டுக்கணக்கில் பொறுத்தான். அவன் பொறுத்ததை அந்த ஊர் பொறுமையாகக் கருதவில்லை. இயல்பு என்று எடுத்துக்கொண்டது.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் நாளை வங்கிகளில் கடன் பிரிவில் உட்காரப் போகிறீர்கள். எதிரே ஒருவர் கணக்குப் புத்தகத்தோடு வந்து அமர்வார். அவர் கப்பல்கள் எத்தனை, எங்கே போயிருக்கின்றன என்று கேளுங்கள். அது உங்கள் கடமை. திட்டமாகக் கேளுங்கள். அதோடு நில்லாமல், கப்பல் பத்தொன்பது நாள் பிந்தினால் என்ன செய்வோம் என்ற கேள்வியையும் நீங்களே எடுத்து மேசைமேல் வையுங்கள். அவர் வெட்கப்பட்டுக் கேட்கமாட்டார். அதற்கான விடையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். கருணையை அதிகாரியின் அன்றைய மனநிலைக்கு விட்டுவிடாமல் விதியாக்கிவிடுவதுதான் நாகரிகம்.

இந்த அறக்கட்டளையின் அசலை வைத்துவிட்டுப் போனவர் நமக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. இந்த ஆண்டு கேட்டவர்களில் ஒருவர் மனத்தில் ஏதாவது விளைந்ததா என்று கணக்குக் கேட்க அவர் வரப்போவதும் இல்லை. அவர் பொறுத்திருக்கிறார். அதைத் தாங்கும் பொறுப்பு இப்போது நம்முடையது.